நமக்கு வசந்தம் வராது, மழைதான் வரும்

மாணவர்களே, மார்ச் பிறந்துவிட்டால் கைப்பேசியில் ஒரே வகைக் காணொளிகள் வரிசைகட்டி வருவதைக் கவனித்திருப்பீர்கள். 'வசந்தம் வருகிறது, வீட்டுத் தோட்டத்தை மாற்றி அமையுங்கள்' என்று இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆலோசனை சொல்கிறார்கள். பனி உருகிய மண், துலிப் கிழங்கு, தெற்குப் பார்த்த பாத்தி, வெள்ளைக் கூழாங்கல் நடைபாதை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கேமரன் மலை குளிர்ச்சியான இடம் என்பதால், 'நம் ஊருக்கும் இது பொருந்தும்' என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

பொருந்தாது என்பதே என் கருத்து. ஆனாலும் வீட்டுத் தோட்டத்தை மாற்றி அமைக்க நமக்கும் மார்ச் மாதம் நல்ல நேரம்தான். அதற்குக் காரணம் வசந்தம் அல்ல, அடுத்து வரப்போகும் மழை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் மண்வெட்டியைத் தொட்டால், நாம் கிளறிப் போட்ட மண் மே மாதத்துக்குள் ரிங்லெட் ஏரிக்குப் போய்விடும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மலேசியத் தமிழர்களுக்குத் 'தோட்டம்' என்றால் எஸ்டேட்தான். இந்தக் கட்டுரையில் நான் பேசுவது வீட்டு வாசலிலும் கொல்லையிலும் இருக்கும் சின்னத் தோட்டத்தைப் பற்றி. லயத்து வீடாக இருந்தாலும் சரி, தாமானில் இருக்கும் வீடாக இருந்தாலும் சரி, விஷயம் ஒன்றுதான்.

வசந்தம் ஏன் நமக்கு இல்லை?

வசந்தம் என்பது வெறும் இதமான வெயில் அன்று. பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பதால், நடுக்கோட்டிலிருந்து விலகிப் போகப் போக, பகல் நேரம் ஆண்டுக்குள் பெரிதும் மாறுகிறது. இலண்டனில் டிசம்பரில் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. ஜூனில் ஏறத்தாழ 16 மணி 40 நிமிடம். அங்குள்ள செடிகள் இந்த மாற்றத்தையும் குளிரையும் வைத்துத்தான் 'இப்போது விழிக்கலாம்' என்று முடிவு செய்கின்றன. துலிப் கிழங்குக்குச் சுமார் மூன்று மாதம் கடுங்குளிர் கிடைக்காவிட்டால் ஒழுங்காகப் பூக்காது. நம் ஊர் இரவுக் குளிரில் நாம் ஸ்வெட்டர் போடுகிறோம் என்பது உண்மை. ஆனால் துலிப்புக்கு அது குளிரே அல்ல.

ரிங்லெட் நடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 4.4 பாகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ அரை மணி நேரம்தான். நம்முடைய குளிர் உயரத்தால் வருவது, பருவத்தால் அல்ல. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி வந்திருக்கிறோம். ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6 முதல் 6.5 பாகை குறைகிறது. எனவே ஜனவரியும் ஜூலையும் நமக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

இதை நம் ஊர் விவசாயிகள் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். இரவில் பேருந்தில் வரும்போது மலைச்சரிவில் வரிசையாக விளக்கு எரியும் பிளாஸ்டிக் கொட்டகைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் பலவற்றில் வளர்வது சாமந்தி. சாமந்தி பகல் குறுகினால் பூக்கும் செடி. நம் ஊரின் 12 மணி நேரப் பகல் அதற்குப் போதுமான அளவு குறுகியது. அப்படியே விட்டால் தண்டு நீள்வதற்குள் மொட்டு விட்டுவிடும். அதனால்தான் தண்டு வளரும்வரை இரவில் விளக்குப் போட்டு, 'இன்னும் பகல் நீளமாகத்தான் இருக்கிறது' என்று செடியை நம்ப வைக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் படிப்பதை நம் பேருந்துச் சன்னலிலேயே பார்க்கலாம்.

நம் காலக்கணக்கு எது?

பாட்டி சொல்லும் 'ஆடிப்பட்டம் தேடி விதை' நமக்குப் பொருந்துமா? அந்தப் பழமொழி தமிழ்நாட்டு மழையைப் பார்த்துச் சொன்னது. ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மழை பெய்யும் நிலத்தில், ஆடியில் விதைத்தால் பின்னால் வரும் மழையைப் பயிர் பிடித்துக்கொள்ளும். கேமரன் மலையில் ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. அதுவும் இரண்டு உச்சங்களாக வருகிறது. ஏப்ரல், மே ஓர் உச்சம். அக்டோபர், நவம்பர் இன்னோர் உச்சம். ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு. ஜூன், ஜூலையிலும் சற்றுத் தணியும்.

இப்போது மார்ச்சின் இடம் விளங்குகிறதா? மழை குறைந்த இரு மாதங்களுக்கும் மழை கூடிய இரு மாதங்களுக்கும் நடுவே அது நிற்கிறது. பாத்தியை மாற்ற வேண்டும், வரப்புப் போட வேண்டும் என்றால் மண்ணைக் கிளறித்தான் ஆக வேண்டும். கிளறிய மண் தளர்ந்திருக்கும். அதைப் பிடித்துக்கொள்ள வேர்களுக்குச் சில வாரங்கள் தேவை. மார்ச் தொடக்கத்தில் வேலை செய்தால் அந்த வாரங்கள் கிடைக்கும். ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்தால் கிடைக்காது. பழமொழியின் அறிவு சரியானதே: மழையைப் பார்த்து வேலை செய். மாற வேண்டியது மாதம் மட்டும்.

ஒரு துளியின் பலம்

'மழை என்ன செய்துவிடும்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. தூறலில் விழும் அரை மில்லிமீட்டர் துளியின் வேகம் நொடிக்குச் சுமார் 2 மீட்டர். மாலை நேரப் பெருமழையில் விழும் 5 மில்லிமீட்டர் துளி நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் வருகிறது. குறுக்களவு பத்து மடங்கு என்றால் நிறை ஆயிரம் மடங்கு. வேகம் நாலரை மடங்கு என்றால் அதன் வர்க்கம் சுமார் இருபது. இயக்க ஆற்றல் நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் சார்ந்தது. ஆக, பெருந்துளி ஒன்றின் ஆற்றல் தூறல் துளியைப் போல் ஏறத்தாழ 20,000 மடங்கு. மூடாத மண்ணில் அது விழும்போது ஒரு சிறிய வெடிப்பே நிகழ்கிறது. சுவரின் அடிப்பகுதியில் மழைக்குப் பிறகு செம்மண் புள்ளிகள் தெறித்திருப்பது அதனால்தான்.

அடுத்து, அளவு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் நீர். உங்கள் வீட்டுக் கூரை 60 சதுர மீட்டர், முற்றம் 30 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாலையில் 40 மில்லிமீட்டர் பெய்தால் 3,600 லிட்டர். இருநூறு லிட்டர் பீப்பாய் பதினெட்டு நிறையும். இவ்வளவு நீரும் உங்கள் வீட்டைக் கடந்து எங்கோ போக வேண்டும். எவ்வழியாக, எவ்வளவு வேகமாக, எவ்வளவு மண்ணோடு போகிறது என்பதைத் தீர்மானிப்பதுதான் தோட்ட வடிவமைப்பு. பூ எந்த நிறம் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

ஏரிக்கும் வாசலுக்கும் என்ன தொடர்பு?

ரிங்லெட் ஏரியைக் கடந்து போகாதவர் நம்மில் யாரும் இல்லை. அது இயற்கை ஏரி அன்று. 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணை பெர்த்தாம் ஆற்றைத் தடுத்ததால் உருவானது. அதன் கொள்ளளவு சுமார் 6.3 மில்லியன் கன மீட்டர் என்று வடிவமைத்தார்கள். அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கக் குழாய் வழியே நீர் பேராக் மாநிலப் பக்கம் இறங்கி மின்சாரம் தருகிறது. வீட்டில் நாம் போடும் விளக்குக்கும் இந்த ஏரிக்கும் உறவு உண்டு.

ஆனால் ஏரிக்கு நீர் மட்டும் வரவில்லை, மண்ணும் வருகிறது. தெனாகா நேஷனல் நிறுவனம் தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டிய நிலை. ஏரியில் சேறு கூடக் கூட, பெருமழையைத் தாங்கி வைக்கும் இடம் குறைகிறது. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் அணை நிரம்பி நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் சிதைந்தன, உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு நவம்பரில் மீண்டும் சேற்று வெள்ளம். உங்களில் பலருக்கு அப்போது நினைவு தெரிந்திருக்காது. வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இதற்கெல்லாம் வீட்டுத் தோட்டமா காரணம் என்று கேட்பீர்கள். இல்லை. சரிவுகளில் காடு வெட்டியது, நிலத்தைத் திறந்து போட்டது, கட்டுமானம் ஆகியவற்றின் பங்குதான் பெரிது. அதை மறைத்து உங்கள் தலையில் பழியைப் போடுவது நேர்மையாகாது. ஆனால் மலைச்சரிவை யார் திறப்பது என்பதில் இப்போது உங்களுக்கு அதிகாரம் இல்லை. வாசலில் இருக்கும் முப்பது சதுர மீட்டர் சரிவில் உங்கள் குரலுக்கு இடம் இருக்கிறது. அந்தச் சிறிய சரிவில் நீரின் போக்கைப் படித்தவர், நாளை பெரிய சரிவைப் பற்றி முடிவெடுக்கும் இடத்துக்குப் போகும்போது தவறான கையெழுத்துப் போடமாட்டார் என்று நம்புகிறேன்.

சிமெண்டுக்கு எதிராக

வீட்டுத் தோட்டத்தை 'மாற்றி அமைப்பது' என்றாலே முற்றம் முழுவதும் சிமெண்டு போடுவது என்றாகிவிட்டது. அதன் மேல் பச்சைப் பிளாஸ்டிக் புல்லும் விரிக்கிறார்கள். இதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

சிமெண்டை விரும்புகிறவர்களின் காரணங்கள் வெறும் சோம்பல் அல்ல. பாம்பு வரும், கொசு வரும், தாத்தா வழுக்கி விழுவார், களை பிடுங்க யாருக்கும் நேரம் இல்லை என்கிறார்கள். எல்லாம் உண்மையான கவலைகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பாம்புக்குப் பிடித்தது அடர்ந்து மண்டிய புதரும் அடுக்கிக் கிடக்கும் பழைய பலகையும். கணுக்கால் உயரச் செடிகளும் சுத்தமான ஓரங்களும் இருந்தால் அதற்கு ஒளிய இடமில்லை. ஏடிஸ் கொசு மண்ணில் முட்டையிடுவதில்லை. தேங்கிய நீரில்தான் வளர்கிறது. பூந்தொட்டித் தட்டும், மடிந்து கிடக்கும் பிளாஸ்டிக் புல்லும், மட்டம் சரியில்லாத சிமெண்டுத் தரையும்தான் நீரைத் தேக்குகின்றன. நீரை உறிஞ்சும் மண் தேக்குவதில்லை. தாத்தா நடக்கும் பாதைக்குச் சிமெண்டு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மூன்றடி அகலம் போதும். முற்றம் முழுவதும் எதற்கு?

சிமெண்டு போட்ட முற்றத்தில் 3,600 லிட்டரும் ஒரே ஓட்டமாக வடிகாலுக்குப் போகிறது. உங்கள் வாசல் சுத்தமாகத்தான் இருக்கும். கீழ் வரிசை வீட்டுக்காரரின் வாசலில்தான் அந்த வேகம் தெரியும். மலையூரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு 'கீழ் வீடு' உண்டு என்பதை மறக்கக்கூடாது.

தேயிலைச் செடியிடம் கற்றுக்கொள்வோம்

நல்ல முன்மாதிரி தேடி வெளிநாட்டுக் காணொளிக்குப் போக வேண்டியதில்லை. 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் முதலாக, நம் தாத்தா பாட்டிகள் உழைத்த தேயிலைச் சரிவுகள் எதிரிலேயே இருக்கின்றன. நன்கு வளர்ந்த தேயிலைச் சரிவில் மண்ணே தெரிவதில்லை. கொழுந்து மட்டம் ஒரு கூரையைப் போல் துளியின் வேகத்தைத் தாங்கிக்கொள்கிறது. கவ்வாத்து செய்யும்போது வெட்டிய கிளைகளை அங்கேயே பரப்பிவிடுகிறார்கள். அவை மண்ணுக்குப் போர்வையாகி, பிறகு உரமாகின்றன. மண்ணை மூடி வை, வெட்டியதை மண்ணுக்கே கொடு. இந்த இரண்டு பாடமும் உங்கள் கொல்லைக்கும் போதும்.

செய்யவேண்டியவை

முதலில் சமமட்டக் கோட்டைக் கண்டுபிடியுங்கள். கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயே போதும். ஒளி ஊடுருவும் குழாயில் குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, இரு முனைகளையும் இருவர் பிடியுங்கள். நீர் இரு பக்கமும் ஒரே உயரத்தில்தான் நிற்கும். சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் உள்ள இடங்களில் குச்சி நட்டு, அவற்றை இணைத்துக் கயிறு கட்டுங்கள். பாத்திகள் அந்தக் கயிற்றின் வழியே குறுக்காகத்தான் போக வேண்டும். மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டால் அது பாத்தி அல்ல, வாய்க்கால்.

அந்தக் கோட்டின் கீழ் ஓரத்தில் நெருக்கமாகப் புல்வேலி நடுங்கள். வெட்டிவேர் கிடைத்தால் சிறப்பு. அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும். மெல்லிய அந்த வேரின் இழுவலிமை, மென்னெஃகின் வலிமையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு என்று அளந்திருக்கிறார்கள். வெட்டிவேர் கிடைக்காவிட்டால் சமையலுக்கு உதவும் செரை போதும். தூரிலிருந்து பிரித்து ஒரு சாண் இடைவெளியில் நட்டால் சில மாதங்களில் வரிசை மூடிவிடும். நீர் அதில் மோதி மெதுவாகும், மண் அங்கேயே தங்கும்.

எந்தச் செடியை எங்கே வைப்பது? வட நாட்டார் தெற்குப் பக்கத்தைத் தேடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்குச் சூரியன் எப்போதும் தெற்கில்தான். நமக்கோ டிசம்பர் நடுப்பகலில் தெற்கே, ஜூனில் வடக்கே. மார்ச் மாதக் கடைசி நாள்களில் நேர் உச்சியில். அந்த நாள்களில் நடுப்பகல் 1.20 மணியை ஒட்டி ஒரு குச்சியை நேராக நட்டுப் பாருங்கள், நிழல் ஏறக்குறைய மறைந்துவிடும். நம் கைக்கடிகாரம் 12 காட்டும்போது நமக்கு இன்னும் நடுப்பகல் ஆகவில்லை என்பதும் அப்போது தெரியும். ஆக, வடக்கு தெற்கு நமக்கு அவ்வளவு முக்கியம் அல்ல. பிற்பகலில் மேகம் மூடிவிடும் ஊர் இது. எனவே காலை வெயில்தான் விலை உயர்ந்தது. கிழக்கே குட்டைச் செடி, மேற்கே உயரமான செடியும் பந்தலும் என்பது நம் ஊருக்கான விதி.

அடுத்து மண். நம் மலையின் மண் பொதுவாக அமிலத்தன்மை உடையது. தேயிலைக்கு அது பிடிக்கும். பல வீட்டு வாசல்களில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதும் அதனால்தான். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியே பூவுக்குப் போய் நீலம் தருகிறது. அதே செடி சுண்ணாம்பு மண்ணில் இளஞ்சிவப்பாகப் பூக்கும். உங்கள் மண்ணைச் சோதிக்க ஊதா முட்டைக்கோஸ் இலையை வெந்நீரில் ஊறவைத்த சாறு போதும். மண்ணை மழைநீரில் கலக்கித் தெளியவைத்து, தெளிநீரில் சாற்றை ஊற்றுங்கள். சிவப்பு நோக்கிப் போனால் அமிலம், பச்சை நோக்கிப் போனால் காரம். முட்டைக்கோஸ் மாதிரியான காய்கறிக்கு மண்ணின் அமிலம் அதிகமாக இருந்தால் வேளாண் கடையில் கிடைக்கும் டோலமைட் தூளைச் சிறிதளவு கலந்து சில வாரம் விடலாம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு வேறு, அது தோலையும் வேரையும் பொசுக்கும், அதைப் போடாதீர்கள்.

என்ன நடலாம்? சௌசௌ, புதினா, கீரை, ஸ்ட்ராபெரி, மரத்தக்காளி எல்லாம் நம் குளிருக்கு ஒத்துவரும். முருங்கை வெப்பத்தை விரும்பும் மரம். நட்டால் மெதுவாகத்தான் வளரும், பாட்டியிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். எதை நட்டாலும், கிளறிய இடத்தை அன்றே காய்ந்த இலையாலும் புல்லாலும் மூடிவிட வேண்டும். ஒரே நாளில் முழுக் கொல்லையையும் கொத்திப் போடாதீர்கள். ஒரு பாத்தி முடித்து, மூடி, பிறகு அடுத்தது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். வீட்டுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் சரிவின் அடியை வெட்டி இடம் பெருக்க நினைக்கவே கூடாது. சரிவைத் தாங்கி நிற்பதே அந்த அடிப்பகுதிதான். புல்லும் வெட்டிவேரும் மேல்மண்ணைத்தான் காக்கும், ஆழமான நிலச்சரிவைத் தடுக்காது. மண்ணில் புதிய விரிசல், சாய்ந்த மரம், திடீரென்று கலங்கலாகக் கசியும் நீர் எதையாவது கண்டால் உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். லயத்து வீட்டில் இருப்பவர்கள் எதையும் மாற்றுவதற்கு முன் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் செடி நடுவதற்கு யாரும் மறுப்பதில்லை.

அளந்து பாருங்கள்

நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதீர்கள். அறிவியல் மாணவர் அளந்து பார்த்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். இரு பக்கமும் வெட்டிய ஒரு மைலோ டின்னை மண்ணில் ஐந்து சென்டிமீட்டர் அழுத்தி, அரை லிட்டர் நீர் ஊற்றி, அது மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். மிதிபட்ட வெற்று மண்ணிலும், இலைப் போர்வையின் கீழ் உள்ள மண்ணிலும் செய்து ஒப்பிடுங்கள். வெட்டிய விளிம்பு கூர்மையாக இருக்கும், பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சோதனை இதைவிட எளிது. இந்த மாதம் ஒரு நல்ல மழை பெய்து முடிந்ததும், உங்கள் முற்றத்திலிருந்து வடிகாலுக்குப் போகும் நீரை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள். தேதி எழுதி, இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் படிந்திருக்கும் சேற்றின் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் வீடு ரிங்லெட் ஏரிக்கு அனுப்பும் பங்கு. பிறகு குறுக்குப் பாத்தியும் புல்வேலியும் இலைப் போர்வையும் போட்டுவிட்டு, மே மாதத்தில் அதே போன்ற ஒரு மழையில், அதே இடத்தில், அதே அளவு பாட்டிலில் மீண்டும் பிடியுங்கள்.

இரண்டு பாட்டில்களையும் வகுப்புக்குக் கொண்டு வந்து மேசைமேல் அருகருகே வையுங்கள். அப்பாவுக்கும் காட்டுங்கள். முற்றத்துக்குச் சிமெண்டு வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு வீட்டில் வரும்போது, இந்தக் கட்டுரையைவிட அந்த இரண்டு பாட்டில்கள் நன்றாக வாதாடும்.